பதினேழு வருஷம் போட்ட வெறும் கண்ணாடி

கடைக்குள் நுழைகிறவரின் சட்டையைப் பார்த்து ஆளை எடை போடுகிறவர்கள் உண்டு. கண்ணாடிக்கடைக்காரர் மூக்கைப் பார்ப்பார். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் மூக்குத்தண்டு அகலமா குறுகலா, எந்தக் காது அரை விரற்கடை மேலே ஏறியிருக்கிறது, இரண்டு கருவிழிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று மனசுக்குள் குறித்து முடித்திருப்பார். மனிதர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை என்ற உண்மையை இருபத்தாறு வருஷமாகக் கட்டிக்காத்து வருகிறார். வெளியே விட்டால் ஊருக்கு வீண் மனக்கஷ்டம்.

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வந்துவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். அப்பாவுக்கு எடுத்த பிரேமையே இரண்டு அளவு குறைத்துப் பிள்ளைக்கு எடுத்து நீட்டுவார்; கச்சிதமாக உட்காரும். ஜாடை சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அந்தத் தெருவே சொல்லும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு, தன் மகள் முகத்தில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்பது மட்டும் தெரியாமல் போகுமா? தெரியும். அவள் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே தெரியும்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய விந்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை என்றார்கள். இன்னொரு ஆஸ்பத்திரியில் இன்னும் பெரிய மைக்ரோஸ்கோப் இருந்தது. இல்லாததை அது இன்னும் தெளிவாகக் காட்டியது. லென்ஸை நம்பிப் பிழைக்கிறவர், லென்ஸ் சொல்வதை எப்படி மறுத்துப் பேசுவார்? முகம் தெரியாத ஒருவர் கொடுத்ததை வைத்து மனைவிக்குச் சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னபோது, இருவரும் ஒரு வாரம் யோசித்து, சரி என்றார்கள். உயரம், நிறம், ரத்த வகை எல்லாம் கணவருக்குப் பொருந்துகிற மாதிரி ஆளைப் பார்த்து எடுப்பார்களாம். "மூக்கு?" என்று கேட்டார் கடைக்காரர். அதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை என்றார் டாக்டர்.

குழந்தைக்கு விவரம் தெரிகிற வயசிலேயே கதை மாதிரி சொல்லிவிடுங்கள், மூடி வைத்தால் பின்னால் கஷ்டம் என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையை ஆட்டினார்கள். ஆட்டிய தலைகள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டன.

மனைவிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கும், எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. எவ்வளவு மோசமான செய்தியையும் பதறாமல் சொல்கிற குரல். வீட்டிலும் அதே குரல்தான். கல்யாணமான புதிதில் அவள் சாப்பிடக் கூப்பிட்டால், எந்த மேடையில் என்று கேட்பார் இவர்.

குழந்தை பிறந்தது. பெண். பார்க்க வந்த உறவுக்கூட்டம், தொட்டிலைச் சுற்றி நின்று முகத்தைப் பாகம் பிரித்துக்கொண்டது. நெற்றி அம்மா வழிக்குப் போயிற்று. உதட்டுக்கு இரண்டு சித்திகள் போட்டி போட்டார்கள். கடைக்காரரின் அக்கா, அதாவது குழந்தையின் அத்தை, ஓரமாகத் தடவிக்கொண்டு வந்து தொட்டிலுக்கு மிக அருகே குனிந்து, "இது எங்க அப்பா மூக்கு. வேற யாரும் பேசக் கூடாது" என்று தீர்ப்பு சொன்னாள். அவளுக்கு அப்போதே பார்வை ஒரு நாணய அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. ஆனாலும் மூக்கு விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நம் கடைக்காரர் ஆமாம் அக்கா என்றார். வாழ்நாளில் மூக்கைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய்.

அத்தையின் கண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் குடும்பத்தில் ஒரு கண் நோய் பரம்பரையாக ஓடுகிறது. முதலில் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறும். அப்புறம் பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வரும். டாக்டர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார்கள். குடும்பத்தில் 'திரை' என்பார்கள். கடைக்காரரின் அப்பாவுக்கு ஐம்பது வயசில் முழுக்க இறங்கியது. அக்காவுக்கு அதற்கும் முன்பே. கடைக்காரருக்கு மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது: நடுப்பார்வை இன்னும் சுத்தம், ஊசியில் நூல் கோர்ப்பார், ஆனால் பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவார். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது கணக்கு.

தன் மகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதை நினைத்து அவரும் மனைவியும் எத்தனையோ தடவை பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். ரகசியமாகத்தான். சத்தமாகப் பெருமூச்சு விட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

மகளுக்கு நாலு வயசானபோது அந்தச் சம்பவம் நடந்தது. கடையில் விற்காமல் மிஞ்சிய பிரேம் மாதிரிகளை மாட்டிக்கொண்டு அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். படிக்கிற கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண்மணி, குழந்தையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யார் ஜாடைங்க இது? உங்க சாயல் மருந்துக்கும் இல்லையே" என்று கேட்டாள். உள்ளே ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. மீதிச் சில்லறைக்குக் காத்திருக்கும்போது வாய் சும்மா இருக்க வேண்டாமே என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே சில்லறையைக் கொடுத்தார். கணக்கில் பத்து ரூபாய் அதிகமாகப் போயிருந்தது.

மறுநாள் அவர் செய்த காரியத்தைக் கண்ணாடிக்கடை வைத்திருக்கிற ஒருவர்தான் செய்ய முடியும். தன் முகத்தில் இருந்த கறுப்புச் சட்டமிட்ட கனத்த கண்ணாடியைப் போலவே ஒரு சின்ன பிரேமை எடுத்தார். அதில் பவர் எதுவும் இல்லாத, ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி வெறும் கண்ணாடியை வெட்டிப் பொருத்தினார். மகள் மூக்கில் மாட்டினார். பிறகு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைச் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

அப்படியே அப்பா. அந்தக் கறுப்புச் சட்டத்துக்கு முன்னால் மூக்காவது காதாவது. யாரும் எதையும் பார்ப்பதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேர் அச்சு அசல் என்றார்கள். பாவம், சின்ன வயசிலேயே அப்பா மாதிரிக் கண்ணாடி போட வேண்டியதாகிவிட்டதே என்று பக்கத்துக் கடையில் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் அவருக்கு இனித்தது.

மனைவியிடம், குழந்தைக்குக் கொஞ்சம் பவர் இருக்கிறது, இப்போதே போட்டால் நல்லது என்றார். நாலாம் நாள் அவள் குழந்தையின் கண்ணாடியைத் துடைக்கும்போது அதன் வழியாகச் செய்தித்தாளைப் பார்த்தாள். எழுத்து பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கிக் குரலில், "இது உங்க அறிவிப்பு. நான் வாசிக்க மாட்டேன்" என்றாள். அதோடு விட்டாள். விட்டிருக்கக் கூடாது என்று பின்னால் பல தடவை நினைத்தாள். ஆனால் மகளிடம் உண்மையைச் சொல்வதைத் தள்ளிப்போட்டதில் அவளுக்கும் சம பங்கு இருந்ததால், ஒரு விரலை அவர் பக்கம் நீட்டினால் மூன்று விரல் தன் பக்கம் மடங்குவது அவளுக்குத் தெரிந்தது.

ஐந்து வயசில் சொல்லலாம் என்றிருந்தார்கள். அப்போது அம்மை போட்டிருந்தது. பத்து வயசில் சொல்லலாம் என்றால் பரீட்சை. பதினாலில் அவளே எதற்கெடுத்தாலும் முறைக்கிற வயசு. பதினெட்டில் சொல்லியே தீருவது என்று தேதி குறித்தார்கள்; அந்தத் தேதியில் அத்தை வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தாமதத்துக்கு வருந்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருத்தியும், கிட்டப் பார்வையை மட்டும் சரிசெய்யத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து குடும்பம் நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

கண்ணாடி மட்டும் தவறாமல் வளர்ந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அவரே கண்ணைச் சோதித்து, அவரே தலையை ஆட்டி, அவரே புது அளவில் வெறும் கண்ணாடி வெட்டிப் போட்டார். மகள் படிக்கும் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தால் அதை இலவசமாக நடத்தித் தர முதல் ஆளாக நின்றார். சமூக சேவைக்காக ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

இப்போது மகளுக்கு இருபத்தொன்று. இயந்திரவியல் படித்து முடித்து, வேலை கிடைக்கும்வரை கடையில் நிற்கிறாள். ஸ்க்ரூ கழன்ற பிரேம்களை அவளிடம்தான் கொடுப்பார். அப்பாவின் இடது பக்கம் அதிகமாக மங்கியிருப்பதால் தெருவில் எப்போதும் அவருக்கு இடப்பக்கமாக நடப்பாள். வாகனம் வந்தால் முழங்கையால் இடிப்பாள். வாய்த் துடுக்கு ஏராளம். "அப்பா, அந்தம்மா போட்டிருக்கிற பிரேமை நீங்க அழகுன்னு சொன்னீங்களே, அதுக்கு உங்களை உள்ள பிடிச்சுப் போடணும்" என்பாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை சின்ன வயசிலிருந்து உண்டு. அம்மா வாயால் அறிவிக்கிற வண்டியைத் தான் ஓட்ட வேண்டும். ரயில் ஓட்டுநர் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்த அன்றே படிவத்தை வாங்கி வந்தாள்.

படிவம் கொடுக்கக் கடைசி நாளுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் அம்மா கண்டுபிடித்தாள்: மூன்று பக்கம் அழகாக நிரப்பியிருக்கிறது, நாலாம் பக்கம் காலி, படிவம் அலமாரியில் பழைய உறைகளுக்கு அடியில் கிடக்கிறது. மகளைக் கேட்டதற்கு, அந்த வேலையெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். மூன்று வயசில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஊதிய பெண் பேசுகிற பேச்சா இது?

அம்மா படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்து, கல்லா மேல் வைத்தாள். நாலாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பெற்றோர், உடன்பிறந்தோர் முதலிய ரத்த உறவினர் எவருக்கேனும் பரம்பரைப் பார்வைக் கோளாறு உண்டா, இருந்தால் விவரம் தருக என்று அச்சிட்டிருந்தது. கீழே ஐந்து வரி இடம்.

"இதுக்காகத்தான் நிறுத்தியிருக்கா. இன்னிக்கு நீங்க சொல்லலைன்னா நாளைக்குக் காலையில நான் சொல்லிடுவேன். எனக்கு நாளைக்கு லீவு" என்றாள் மனைவி. போகிற வழியில் நின்று திரும்பி, குரலை இறக்கி, "பயமா இருக்குங்க" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குரல் நடுங்கி அவர் கேட்டதில்லை.

பயம் அவருக்கும்தான். என்ன பயம் என்று கேட்டால் சொல்வதற்கு ரொம்ப எளிது. இத்தனை நாள் அப்பா என்று கூப்பிட்டவள், விஷயம் தெரிந்த பிறகும் அப்படியே கூப்பிடுவாளா? கூப்பிட்டாலும் அதில் பழைய அப்பா இருப்பாரா? ஒரு சின்னக் கறுப்புச் சட்டத்தை நம்பிக் கட்டிய வீடு, சட்டத்தைக் கழற்றினால் நிற்குமா?

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்கள். மகள் இரண்டு வாய் சாப்பிட்டதும் அவர் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், அம்மா வேலையா என்று கேட்டாள், சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏன் நிரப்பவில்லை என்று கேட்டார். அவள் கொஞ்சம் சிரித்தாள்.

"என்னன்னு எழுதறது? தாத்தா, அத்தை, அப்பா, மூணு பேருக்கும் திரைன்னு எழுதினா எடுப்பாங்களா? எழுதாம ஏமாத்திச் சேர்ந்தா, முப்பத்தஞ்சு வயசுல பாதி வழியில வண்டியை நிறுத்திட்டு எனக்குத் தடம் தெரியலைன்னு சொல்ல முடியுமா? உள்ள ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பாங்கப்பா."

உனக்கு வராது என்றார். வார்த்தை தானாக வந்துவிட்டது.

"சும்மா ஆறுதல் சொல்லாதீங்க. உங்களுக்கு எப்பவோ தெரியும்."

என்ன தெரியும் என்று அவருக்கு விளங்கவில்லை. மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தன் கண்ணாடியைக் கழற்றினாள். லென்ஸின் பவரை அளக்கிற கருவி கடையின் மூலையில் இருக்கிறது; அதில் கண்ணாடியை வைத்தாள், திருகினாள், அவரைப் பார்க்கச் சொன்னாள். அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லையே.

"பதிமூணு வயசுல நீங்கதான் இதுல அளக்கச் சொல்லிக் குடுத்தீங்க. அன்னிக்கே என்னோடதை வெச்சுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் பூஜ்யம். மெஷின் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். மத்தவங்க கண்ணாடிக்கெல்லாம் சரியாக் காட்டுச்சு."

எட்டு வருஷம். எட்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கடைக்காரரின் கை நாற்காலி எங்கே என்று தேடியது.

"ஏன்மா அப்பவே கேட்கலை?"

"கேட்டா சொல்லிடுவீங்களேன்னுதான்." அவள் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்ளாமல் கையில் வைத்தபடியே பேசினாள். "எனக்கும் திரை வரப்போகுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சின்னக் குழந்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, மூஞ்சியில ஒரு கண்ணாடியை மாட்டிப் பழக்கப்படுத்துறீங்க. அப்படித்தானே? நானும் பழகிக்கிட்டேன். வீட்ல கண்ணை மூடிட்டு நடந்து பார்ப்பேன். கட்டில்லேர்ந்து சமையலறைக்குப் பதினாலு அடி. அத்தை வீட்டுக்கு அடிக்கடி போனதெல்லாம் எதுக்குன்னு நினைச்சீங்க? அவங்க எப்படிச் சமாளிக்கறாங்கன்னு பார்க்கத்தான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கூடத்தில் நடந்ததை அவர் பல தடவை பார்த்திருக்கிறார். விளையாட்டு என்று நினைத்து, ஒரு தடவை குறுக்கே மோடாவை இழுத்துப் போட்டுச் சிரித்தும் இருக்கிறார்.

தன் ஜாடை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவர் மாட்டிய ஒன்றை, அவள் மருத்துவரின் தீர்ப்பாக எடுத்து மூக்கின் மேல் சுமந்திருக்கிறாள். ரத்தத்தில் வராத நோயின் பயத்தை மட்டும் கைப்படச் செய்து கொடுத்திருக்கிறார் அப்பா. அதுவும் வருஷா வருஷம், புது அளவில்.

இந்த இடத்தில் அவருக்கு ஒரு பொய் கையருகே கிடந்தது. டாக்டரிடம் அப்போதே காட்டினோம், உனக்கு இல்லையென்று சொல்லிவிட்டார், நான்தான் கடை விளம்பரத்துக்காக மாட்டினேன் என்று சொல்லிவிடலாம். நம்பியிருப்பாள். சண்டை போட்டுச் சிரித்திருப்பாள். ஆனால் அவளுடைய அந்தப் பதினாலு அடி அவருடைய காதுக்குள் நடந்துகொண்டே இருந்தது.

சொன்னார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மைக்ரோஸ்கோப்பிலிருந்து ஆரம்பித்தார். அவளுக்கு அது எதுவும் புரியவில்லை என்று தெரிந்ததும், பாதியில் நிறுத்தி நேராகச் சொன்னார்.

"உன் உடம்புல என் ரத்தம் இல்லைம்மா. எனக்குக் குழந்தை பிறக்க வழியில்லைன்னுட்டாங்க. வேற ஒருத்தர் குடுத்தாரு. யாருன்னு தெரியாது. அம்மா உன் அம்மாதான். என் பக்கம்தான் காலி. திரை எங்க குடும்பத்து ரத்தத்துல வர்றது. உனக்கு வர்றதுக்கு வழியே இல்லை. பிறக்கறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும்."

"அப்ப கண்ணாடி?"

"நீ என்னை மாதிரி இருக்கணும்னு போட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் எவ்வளவு அசட்டுத்தனமானது என்று அவருக்கே கேட்டது.

மகள் ஷட்டரின் அடியில் தெரிந்த தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செருப்புக் கால்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. பிறகு, அம்மா சம்மதித்தாளா என்று கேட்டாள். அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றதும், அப்போது அந்த மூக்கு என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அழவில்லை. கண்ணாடியைக் கல்லா மேல் வைத்துவிட்டு, குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போனாள். நேராக ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அன்று மாலை மூன்றாம் மேடை வண்டியை இரண்டாம் மேடை என்று அறிவித்து, சுமார் நூறு பேரைப் படியேற வைத்தாள் அவள் அம்மா. அந்த அம்மாவின் பணிக்காலத்தில் அது ஒன்றுதான் தவறு.

அடுத்து மூன்று நாள் போயிற்று. கடைக்காரர் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. கதவை அறையவில்லை. சாப்பாட்டைத் தள்ளவில்லை. யார் எனக்கு அப்பா என்று கேட்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. மகள் மரியாதையாக நடந்துகொண்டாள்.

தண்ணீர் கொடுத்தால் நன்றி அப்பா என்றாள். இவர் தம்ளரைத் தட்டிவிட்டபோது, பரவாயில்லை அப்பா, நான் துடைக்கிறேன் என்றாள். அந்த வீட்டில் நன்றி என்ற சொல்லை இதற்கு முன்னால் யாரும் உபயோகித்ததில்லை. அது வாடிக்கையாளர்களுக்கு என்று ஒதுக்கி வைத்தது. கடையில் அவர் ஒரு பாட்டிக்கு அசிங்கமான பிரேமை எடுத்து நீட்டியதற்குக்கூட அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அவர் வேண்டுமென்றே இன்னும் அசிங்கமான ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தார். நல்லா இருக்குப்பா என்றாள். விருந்தாளியிடம் பேசுவதுபோல் இருந்தது. விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று இரண்டு பக்கமும் தெரியாததுபோலவும் இருந்தது.

அம்மாவிடம் மட்டும் கேள்விகள் கேட்டிருக்கிறாள். அந்த ஆளைப் பற்றி ஏதாவது காகிதம் உண்டா, உயரம் எவ்வளவு, அவருக்கு வேறு நோய் உண்டா. ஆஸ்பத்திரி கொடுத்த ஒரு தாள் இருந்தது; அதில் ஆரோக்கியம் சோதிக்கப்பட்டது, பரம்பரை நோய் ஏதும் தெரியவரவில்லை என்று இருந்தது. அதை வாங்கிப் படித்து, மடித்து, தன் சான்றிதழ்களோடு வைத்துக்கொண்டாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டாளாம். நீயே கேளேன் என்றாளாம் அம்மா.

இரண்டாம் நாள் அவள் தானாகவே எதிர்வரிசையில் இருந்த கண் டாக்டரிடம் போய்ப் பெரிய பரிசோதனை செய்துகொண்டாள். ஓரப்பார்வை, இருட்டுப் பார்வை, நிறப் பார்வை எல்லாம். எல்லாம் முழுசு. படிவத்தோடு இணைக்க ஒரு சான்றிதழ் தந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அதைக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்து, "பார்த்துக்கோங்கப்பா. நன்றி" என்றாள். எதற்கு நன்றி என்று அவர் கேட்கவில்லை. அவள் குளித்துவிட்டு வருவதற்காக வீட்டுக்குப் போனாள். மறுநாள் படிவத்துக்குக் கடைசி நாள்.

கடைக்காரர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இரு கண்களும் முற்றிலும் நலம் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் குடும்பத்தில் இப்படி ஒரு தாள் எவருக்கும் கிடைத்ததில்லை. அவர் அப்பா பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தார். பார்த்திருக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. இந்தத் தாள் கசங்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, தான் தட்டிவிடுகிற தம்ளர் எதுவும் இதன் மேல் கவிழக் கூடாது. ஏதாவது செய்ய வேண்டும்போல் கை பரபரத்தது.

அவள் திரும்பி வந்தபோது அவர் முகம் மலர்ந்து, இரண்டு கையாலும் அதை எடுத்து நீட்டினார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வாங்கியிருந்தார். நல்ல தடிமன். நாலு மூலையும் வட்டமாக வெட்டி, பளபளவென்று.

மகள் அதை வாங்கினாள். திருப்பினாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள்.

"அப்பா. இது என்ன?"

கெடாமல் இருக்கட்டும் என்று செய்ததாகச் சொன்னார்.

"இதுல அவங்க ஆபீஸ் முத்திரை குத்தணும். குறுக்கால கையெழுத்துப் போடணும். பிளாஸ்டிக் மேல எங்க குத்தறது, உங்க தலையிலயா?"

அவர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க. படிவத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கு, அசலை அப்படியே இணைக்கணும்னு. நடுப்பார்வை நல்லா இருக்குன்னு பீத்திக்குவீங்களே, அது தெரியலை? யாரைக் கேட்டுப் பண்ணுனீங்க? எதையாவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பண்ணியிருக்கீங்களா வாழ்க்கையில? நாலு வயசுல மூஞ்சியில ஒண்ணை மாட்டி விட்டீங்க, கேட்டீங்களா? நான் பாட்டுக்கு எட்டு வருஷம் குருடாகப் போறேன்னு உட்கார்ந்திருக்கேன், நீங்க மோடாவை இழுத்துப் போட்டுச் சிரிச்சீங்க. நீங்கள்லாம் ஒரு அப்பா. உங்களைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் மாரடிக்கறதோ. சொல்லிட்டே இருக்கேன், சிரிக்கறீங்க. எதுக்கு இப்பச் சிரிக்கறீங்க?"

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிரேம் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், கையிலிருந்ததைச் சத்தமில்லாமல் ஸ்டாண்டில் வைத்தார். கடைக்காரர் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். முகம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்று நாளாக மார்பில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது. இப்படித் திட்டுவதற்கு ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? யாரிடம் போய் இந்தச் சுருதியில் கத்துவாள்?

டாக்டர் மூன்று மணிக்கு மேல்தான் இருப்பார், போய் இன்னொன்று எழுதி வாங்கிவிடலாம் என்றார் அவர், தணிந்த குரலில்.

"நீங்களும் வர்றீங்க. வந்து, இந்தக் கூத்தை நீங்களே அவர்கிட்டச் சொல்றீங்க. எனக்கு மானம் போகுது." அவள் லேமினேட் செய்த தாளால் விசிறிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு வேறு குரலில், அவரைப் பார்க்காமல், "அந்த ஆள் யாருன்னு என்னிக்காவது நான் தேடிப் பார்ப்பேன். பார்க்காமலும் இருப்பேன். இப்ப தெரியலை" என்றாள்.

"தேடு. நானும் கூட வர்றேன். எனக்கும் அந்த மூக்கைப் பார்க்கணும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அடக்கி முடித்ததும், லேமினேட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாள். சொன்னார். அது இரண்டு மடங்கு விலை என்று சொல்லி, ஏமாளி என்று பட்டம் கட்டி, இரண்டாம் சுற்றை ஆரம்பித்தாள். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார். மூன்று மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.